கடைசி இலக்கம் வீடு, கூட்டினால் கிழமை

என்னோடொத்த வயதுக்காரரே, முழங்கால் எண்ணெயையும் பிரஷர் குளிசையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்பதுக்குப் பிறகுதான் பத்து வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாத்தியார் சொன்னார், நாங்களும் சேர்ந்து ராகம் போட்டோம். பிரம்பு அவர் கையில் இருந்தபடியால் மறுபேச்சு இல்லை. என் அக்காவுக்கு மட்டும் ஏழுக்குப் பிறகு பத்து வந்தது. அந்தப் பத்து அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

கோப்பாயில் எங்கள் தோட்டக் கிணறு எட்டுப் பங்குக் கிணறு. எட்டு வீட்டுக்கும் உறுதியில் பங்கு எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வீடு இறைக்கும். இன்றைக்கு எங்கள் முறை என்றால், மற்ற ஏழு வீடும் இறைத்து முடிந்த பிறகுதான் திரும்ப எங்களுக்கு வரும். அன்றைக்கு விடிய முன்னரே அப்பாவின் தமையன் பெரியையா எங்களுக்குக் கைமாறாகத் துலா மிதிக்க வருவார். அவர் ஏற்ற மரமான துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, அப்பா கீழே நின்று பனையோலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். துலா அழுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். செம்பாட்டு மண்ணில் தண்ணீர் ஓடிவரும்போது முதலில் ஒரு மணம் வரும் பாருங்கள், அதை இன்றைக்கு எந்தக் குழாயும் தருவதில்லை. அக்காவின் வேலை தண்ணீர் மாறுவது. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வரம்பை அடைத்து அடுத்த பாத்தியை வெட்டிவிட வேண்டும். அரிவரி வகுப்பில் இருந்த எனக்கு அக்காவின் வாலாகத் திரிவதுதான் உத்தியோகம்.

அக்கா அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். எங்கள் முறை பள்ளிக்கூட நாளில் விழுந்தால் அவளை மறித்துவிடுவார்கள், தண்ணீர் மாற ஆள் வேண்டுமே. கிழமைக்கு ஏழு நாள், கிணற்றுக்கு எட்டு. அதனால் இந்த முறை ஞாயிறு என்றால் அடுத்த முறை திங்கள், அதற்கடுத்தது செவ்வாய் என்று ஒவ்வொரு நாளாக நழுவிக்கொண்டே போகும். ஊரின் பாதிச் சண்டை இந்த நழுவலால்தான் வந்தது. தனக்கு எந்தெந்த நாள் பள்ளிக்கூடம் தவறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அக்கா எண்ணத் தொடங்கினாள்.

அந்த வருடம் புகையிலைக் கன்று நட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முறை நாள். புகையிலையைப் புகை போடும் குடிலின் மண்சுவரில், கரிக்கட்டியால் அன்றைய நாளுக்கு 0 என்று எழுதினாள். மறுநாள் 1, பெரியையா வீட்டின் முறை. அதற்கடுத்தது 2, சங்கக்கடை மனேச்சர் வீடு. இப்படியே போய் 7, சாத்திரியார் வீடு. அடுத்த நாள் திரும்பவும் எங்கள் முறை. அதற்கு அவள் 8 என்று எழுதவில்லை. ஒரு முறை முடிந்தது, மேலே நாள் இல்லை என்று 10 எழுதினாள். அடுத்த நாள் 11, ஒரு முறையும் ஒரு நாளும். அவளுடைய சுவரில் எட்டும் ஒன்பதும் கிடையவே கிடையாது.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு மனக்குறைதான்.

“எல்லா வீட்டுக்கும் இலக்கம் குடுத்துப்போட்டு எங்களுக்கு மட்டும் ஏன் பிள்ளை சைபர்?”

“எங்களிலை இருந்துதானேம்மா தொடங்குது,” என்றாள் அக்கா. அம்மா சமாதானமாகவில்லை. சைபர் என்றால் அம்மாவுக்கு ஒன்றுமில்லாத வீடு என்று அர்த்தம்.

இந்த எண்ணில் இருந்த அழகை நான் பெரியவளான பிறகுதான் முழுதாகக் கண்டேன். சுவரில் 23 என்று இருக்கிறது என்று வையுங்கள். நட்டு இரண்டு முறையும் மூன்று நாளும் ஆயிற்று, பள்ளிக்கூடக் கணக்கில் பத்தொன்பதாம் நாள். கடைசி இலக்கம் 3, ஆகவே மூன்றாம் வீட்டின் முறை. இரண்டையும் மூன்றையும் கூட்டினால் ஐந்து. ஞாயிறை விட்டுத் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் ஐந்து வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். கூட்டி ஏழுக்கு மேல் போனால் ஏழைக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். “கடைசி இலக்கம் வீடு, கூட்டினால் கிழமை” என்று அக்கா எனக்குப் பாடமாக்கித் தந்தாள். எனக்கு விளங்கவில்லை, ஆனால் துள்ளித் துள்ளிச் சொல்ல நன்றாக இருந்தது. பத்துப் பத்தாக எண்ணுகிற எங்கள் பள்ளிக்கூட எண் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், வீடும் சொல்லாது, கிழமையும் சொல்லாது.

ஒருநாள் அவள் அப்பாவிடம் சொன்னாள்.

“நூறாம் நாள் நுனி கிள்ளலாமப்பா. திங்கட்கிழமை. எங்கடை முறை.”

“நூறு நாளிலை புகையிலை வெட்டிக் குடிலுக்கை போயிடும் பிள்ளை.”

“உங்கடை நூறில்லை. எட்டு முறை போனால் வாற நூறு.”

அப்பா பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஓடவிட்டு முணுமுணுத்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். “அறுபத்துநாலு. நுனி கிள்ளுற பருவந்தான். இவள் பொல்லாதவள்,” என்றார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு அந்த எண் விளங்கியிருந்தது. ஒரு மூச்சில் விளங்கியிருந்தது.

கொஞ்ச நாளில் கிணற்றடியில் ஒரு கொழுவல். பெரியையாவும் பட்டையும் கயிறுமாக வந்து நிற்கிறார், சங்கக்கடை மனேச்சரும் வந்து நிற்கிறார். இரண்டு பேரும் இன்றைக்குத் தன் முறை என்கிறார்கள். மனேச்சர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிவிட்டார் என்றால் அடுத்தது கைகலப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா குடில் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“இண்டைக்கு முப்பத்தொண்டு. கடைசி ஒண்டு, பெரியையா வீட்டு முறை. மூண்டும் ஒண்டும் நாலு, வியாழன். இண்டைக்கு வியாழன்தானே?”

ஆண்கள் நின்று விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினார்கள். ஒரு வீட்டைக்கூட விடாமல் எண்ணி முடித்ததும் மனேச்சர் கயிற்றைச் சுருட்டினார். கோபிக்கவில்லை. மறுநாள் அக்காவுக்கும் எனக்கும் தோடம்பழ இனிப்பு முட்டாசி கொண்டுவந்து தந்தார். அதன் பிறகு எட்டு வீட்டிலிருந்தும் ஆள் வரும், “பிள்ளை, அடுத்த கிழமை எங்கடை முறை என்னண்டைக்கு?” என்று. கிணத்துப் பிள்ளை என்று அவளுக்குப் பெயரும் வந்தது. ஒருவராவது அதைக் கணக்கு என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சிலருக்குப் பூமிக்கடியில் தண்ணீர் ஓட்டம் பார்க்கத் தெரியும், சிலருக்குப் பூச்சிக்கடிக்குப் பார்வை பார்க்கத் தெரியும், இந்தப் பிள்ளைக்கு முறை தெரியும். ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை, கன்றுகளுக்கு இடையே களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு தடியால் மண்ணில் எழுதினாள். 7, 16, 25, 34, 43, 52, 61, 70.

“எல்லாம் ஞாயிற்றுக்கிழமை,” என்றாள். “ஏழாம் வாய்ப்பாட்டைக் கிணத்து எண்ணிலை எழுதினால் இப்பிடித்தான் வரும். எதைக் கூட்டினாலும் ஏழு.”

பிறகு அதற்குக் கீழே பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வாய்ப்பாட்டை எழுதினாள். 9, 18, 27, 36. எதைக் கூட்டினாலும் ஒன்பது.

“எங்கடை ஏழு ஏன் இப்பிடி எண்டு எனக்கு விளங்குது. கிழமைக்கு ஏழு நாள். பள்ளிக்கூடத்து ஒன்பது ஏன் இப்பிடிச் செய்யுது? ஒன்பது நாள் கிழமை ஆற்றை வீட்டிலை கிடக்கு?”

எனக்கு என்ன தெரியும்? கையெல்லாம் புகையிலைப் பிசின் ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது, அதை நாக்கில் வைத்துப் பார்த்துக் கசப்பில் துப்பிக்கொண்டிருந்தேன். வகுப்பு வாத்தியாரிடம் கேட்டதாகவும், அவர் சொன்னதைப் பாடமாக்கு என்றதாகவும் அக்கா சொன்னாள். பெரிய இடத்து ஆள் யாரிடமாவதுதான் கேட்க வேண்டும் என்றாள்.

அப்படி ஒரு ஆள் வரத்தான் செய்தார். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில், விடுதிச் செலவும் இல்லாமல் படிக்க ஒரு பிள்ளையை எங்கள் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று அந்த வருடம் கடிதம் வந்தது. பெரிய வாத்தியார் அக்காவைத்தான் மனதில் வைத்திருந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வருவார், பிள்ளையைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார், ஓம் என்றால் சரி. அக்கா அந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை. ஆனாலும் அங்கே மாடிப்படி எப்படி, கட்டில் எப்படி என்றெல்லாம் எனக்கு விளக்குவாள். அங்கே முறை நாளில் யாரும் மறிக்க மாட்டார்கள். கேட்டால் மறுமொழி சொல்ல ஆள் இருக்கும். அவள் ஆசைப்பட்டது இந்த இரண்டுக்குந்தான்.

வித்தியாதரிசி வரும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் அக்கா குடில் சுவரடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது. அந்த நாள் 50. கடைசி இலக்கம் சைபர், எங்கள் முறை.

அப்பா அன்று பின்னேரமே சால்வையைப் போட்டுக்கொண்டு பெரியையா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முறை மாறுவது லேசான விஷயம் இல்லை. வெயில் நாளில் ஒரு நாள் பிந்தினாலும் இலை தொங்கிவிடும்.

“அண்ணை, வெள்ளி நீங்கள் இறையுங்கோ. சனி நான் இறைக்கிறன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலை ஒரு அலுவல்.”

“ஒரு பெட்டைக் குஞ்சு பள்ளிக்கூடம் போக முறை மாறுறதோ?” என்று பெரியையா வெற்றிலையைத் துப்பினார். பிறகு, “சரி போ. கிணத்துப் பிள்ளை எண்டபடியால் மாறுறன்,” என்றார்.

அப்பா அக்காவுக்காக எதையும் செய்யவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீளமான மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே தட்டிகூடக் கிடையாது, அரிவரியிலிருந்து பார்த்தால் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகை தெரியும். வித்தியாதரிசி வெள்ளைக் காற்சட்டையும் மினுக்கின சப்பாத்துமாக வந்தார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. அக்காவிடம் மனக்கணக்குக் கேட்டார், அவர் கேட்டு வாய் மூட முன் அவள் மறுமொழி சொன்னாள். அவருக்குச் சந்தோஷம். பெரிய வாத்தியார் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து ஒரு தலையசைப்புச் செய்தார். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிலைக்கு வெளியே நின்றார்.

“நல்லது. உனக்கு விருப்பமான வாய்ப்பாடு ஒண்டை எழுது பாப்பம்,” என்றார் வித்தியாதரிசி. அவ்வளவோடு அவர் முடித்திருப்பார்.

அக்கா சுண்ணக்கட்டியை எடுத்தாள். அவள் தோள் உயர்வதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் கேட்கப் போகிறாள். 7 × 1 = 7 என்று எழுதினாள். 7 × 2 = 16. 7 × 3 = 25.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. ஏழு ரண்டு எத்தினை?”

“பதினாலு, ஐயா. இது எங்கடை கிணத்திலை எழுதுற மாதிரி. அங்கை பதினாறு எண்டு எழுதுவம். நான் கேக்க நினைச்சது என்னெண்டால், பள்ளிக்கூடத்திலை ஒன்பது...”

“ஏழு ரண்டு கிணத்திலை பதினாறோ? அப்ப வாய்க்காலிலை எத்தினை?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அரிவரிப் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். பெரிய வாத்தியாருக்குக் காது சிவந்துபோயிற்று, பெரிய மனிதருக்கு முன்னால் தன் பிள்ளை தன்னைக் கவிழ்த்துவிட்டாள் என்று. அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

“வீட்டிலை ஆர் இவளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறது? ஏழாம் வாய்ப்பாட்டை இப்பிடி எழுதியிருக்கிறாள், பாரும்.”

அப்பா கரும்பலகையைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அது ஞாயிற்றுக்கிழமைகளின் வரிசை என்று. அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் வாய் அசைந்தது. அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வித்தியாதரிசியை அல்ல. ஒரு வசனம் போதும். எங்கள் கிணற்றுக்கு எட்டு வீடு, எட்டோடு மடித்து எண்ணுகிறாள் என்று ஒரே ஒரு வசனம்.

“பிள்ளை சும்மா விளையாட்டுக்கு எழுதினது, ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றார் அப்பா.

அக்காவை அழித்துவிட்டு இருக்கச் சொன்னார்கள். அழித்துவிட்டு இருந்தாள். பட்டணத்துக்குத் தபால்கந்தோர்க்காரரின் மகளின் பெயர் போயிற்று. அவளும் நல்ல பிள்ளைதான், அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெரிய வாத்தியார் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, கெட்டிக்காரிதான், ஆனால் கணக்கில் அத்திவாரம் ஆட்டம் காணுகிறது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். முறையில் தனக்குச் சைபர் தந்த மகளுக்காக அம்மா அன்றைக்கு அப்படிக் கத்தினதை நான் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை.

“உங்கடை வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே? எட்டு வீட்டுச் சண்டையைத் தீர்த்த பிள்ளை எண்டு சொன்னால் என்ன குறைஞ்சுபோம்?”

“படிச்ச மனிசருக்கு முன்னாலை கிணத்துக் கதையோ கதைக்கிறது? உது முறை. கணக்கில்லை.”

இதுதான் அப்பா செய்த பிழை. அவர் மட்டும் செய்த பிழையும் இல்லை. எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிற மாதிரி, தோட்டத்தில் தெரிந்ததை எல்லாம் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிள்ளை இன்னும் சிரிப்புக்கு இடமாகக் கூடாது என்றுதான் அவர் மன்னிப்புக் கேட்டார். அதை நான் நம்புகிறேன். நம்பினாலும் எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை, அவர் செத்து இவ்வளவு காலமாகியும் போகவில்லை.

குடில் சுவரில் கடைசியாக இருந்தது 47, அந்த வியாழக்கிழமை எழுதினது. அதற்குப் பிறகு அக்கா கரிக்கட்டியைத் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து மனேச்சர் வேலியடியில் நின்று, “பிள்ளை, நாளைக்கு ஆற்றை முறை?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது,” என்றாள் அக்கா.

அவர் நம்பாமல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஆண்கள் பழையபடி விரல்விட்டு எண்ணினார்கள், பழையபடி பிழை விட்டார்கள், பழையபடி சண்டை பிடித்தார்கள். அவளுடைய நூறாம் நாள் வந்தபோது அப்பா தானாகவே போய் நுனி கிள்ளினார். கிள்ளிவிட்டு வந்து அக்காவைப் பார்த்து என்னவோ சொல்ல வெளிக்கிட்டார். அவள் தேத்தண்ணிப் பேணியைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் வகுப்புவரை அக்கா போனாள். போனாள் என்றால், முறை நாளெல்லாம் நின்று நின்று போனாள். கணக்கு ஏறாத பிள்ளைக்காக யார் முறை மாறுவார்கள்? பிறகு மறித்துவிட்டார்கள். மறித்த அன்று அவள் அழவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி ஆறுதல்பட்டார்.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது புதுக் கணிதம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், எங்கள் வாத்திமாரே அதைப் பார்த்து வியர்த்துப்போனார்கள். அதில் ஒரு அத்தியாயம், பத்தில் எண்ணாமல் வேறு அடிகளில் எண்களை எழுதுவது. புத்தகத்தைத் திறந்தால், எட்டின் அடியில் 7, 10, 11. பக்கத்தில் 23, அது எங்கள் பத்தொன்பதுக்குச் சமம் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மிகவும் ஆற அமர வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“உது எங்கடை கிணத்துக் கணக்கெல்லோ,” என்றார். கணக்கு என்றார், கேட்டீர்களா? “உதைப் புத்தகத்திலை போட்டிருக்கினமோ?”

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனார். அக்கா அங்கே புகையிலை இலை ஒடித்துக்கொண்டு நின்றாள், கை இரண்டும் கரி மாதிரி. பிசின் ஒட்டிவிடும் என்று அவள் புத்தகத்தைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பா விரித்துப் பிடிக்க, குனிந்து வாசித்தாள். வரம்பில் நின்று ஒரு தகப்பன் மகளுக்குப் புத்தகம் பிடிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அண்டைக்கு எனக்கு உது கணக்கெண்டு தெரியாமல் போச்சுது பிள்ளை,” என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்து, “ஒன்பது ஏன் எண்டு போட்டிருக்கோ பார்,” என்றாள்.

நான் அத்தியாயம் முழுக்கப் புரட்டினேன். அது இல்லை. பயிற்சிகள்தான் இருந்தன. அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் எல்லாருக்கும் நடந்ததுதான். சாத்திரியார் வீட்டுக்காரர் தங்கள் பங்கை மற்ற ஏழு வீட்டுக்குமாக விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள், கிணறு ஏழு பங்காயிற்று. ஏழு வீடு, ஏழு நாள். எங்கள் முறை என்றைக்கும் ஞாயிறு என்று ஆனது, எண்ண வேண்டிய தேவையே யாருக்கும் இல்லாமல் போயிற்று. துலா போய்ப் பம்பு வந்தது. அக்காவை உடுப்பிட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். நான் படித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். எட்டு வீட்டில் இப்போது இரண்டு வீட்டில்தான் விளக்கு எரிகிறது.

போன மாதம் அக்காவைப் பார்க்க உடுப்பிட்டிக்குப் போயிருந்தேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது, கண் நல்லாய்த் தெரிகிறது. குசினி வாசலில் இருந்து இரண்டு பேரும் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். கம்பஸில் கம்பியூட்டர் படிக்கும் அவளுடைய பேத்தி, விடுமுறையில் வந்தவள், மேசையில் இருந்து போனில் சிநேகிதியோடு பாடம் கதைத்துக்கொண்டிருந்தாள். கம்பியூட்டரில் பதினாறில் எண்ணுவார்களாம், அதைப் பற்றி ஏதோ. அக்கா இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“அப்ப பதினைஞ்சைப் பெருக்கிக்கொண்டு போனால், இலக்கங்களைக் கூட்டப் பதினைஞ்சு வரும்.”

பேத்தி போனைக் காதிலிருந்து எடுத்தாள். தாளில் எழுதிப் பார்த்தாள். “ஓம் அம்மம்மா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எட்டிலை ஏழு. பத்திலை ஒன்பது. ஏழிலை ஆறு. எத்தினையிலை எண்ணுறியோ, அதிலை ஒண்டு குறைஞ்சது எதுவோ அது,” என்றாள் அக்கா. “ஒண்டு குறைச்சலெண்டபடியால்தான். ஒவ்வொரு தரமும் அதைக் கூட்டேக்கை, முன்னாலை ஒண்டு ஏறுது, பின்னாலை ஒண்டு இறங்குது. அப்ப கூட்டுத்தொகை எங்கை போறது? அங்கையேதான் நிக்கும்.”

பேத்தி சிரித்துக்கொண்டு போனுக்குத் திரும்பினாள். எனக்குக் கையிலிருந்த ஈர்க்கு விழுந்துவிட்டது.

“அக்கா, ஒன்பது ஏன் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“ஆர் சொல்லித் தாறது? சாத்திரியார் வீட்டுப் பங்கு போய், கிணறு ஏழானதெல்லோ. ஏழிலை எண்ணினால் என்ன வருமெண்டு சும்மா பார்த்தன். ஆறு வந்து நிண்டுது. அதுக்குப் பிறகும் கனகாலம் மண்டைக்குள்ளை கிடந்துது. ஒருநாள் தண்ணி மாறிக்கொண்டு நிக்கேக்கைதான் பிடிபட்டது. கலியாணம் முடிஞ்சு கோப்பாய்க்கு வந்து நிண்ட நேரம், மூத்தவன் வயித்திலை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீ அப்ப கொழும்பிலை. அப்பாட்டைச் சொன்னனான். ‘தண்ணி வரம்பை உடைக்குது, பார் பிள்ளை’ எண்டார்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வித்தியாதரிசியை, அந்த மினுக்கின சப்பாத்தை, வாசலில் நின்ற அப்பாவை, எல்லாரையும் நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை அப்படியே சொன்னேன். அந்த மனிதர் உங்களைக் கேட்க விட்டிருந்தால், பட்டணத்துக்குப் போயிருந்தால் என்று தொடங்கி, கந்தோரில் எனக்குக் கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்கள் எல்லாரையும் இழுத்துப் பொரிந்து தள்ளினேன். அக்கா என்னை முடிக்க விட்டாள்.

“மாடியும் கட்டிலும் கிடக்கட்டும்,” என்றாள் பிறகு. “அந்த மனிசன் அந்த ஒண்டுக்கு மறுமொழி சொல்லியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். அடுத்த நாள் நான் அடுத்ததைக் கேட்டிருப்பன். தனிய நிண்டு யோசிச்சு அந்த ஒண்டுக்கே எனக்குப் பதினாலு பதினைஞ்சு வருசம் போச்சுது தங்கச்சி. அந்தக் கணக்கிலை பார்த்தால் ஒரு பிறவிக்கு எத்தினை கேள்வி வரும்?”

அவள் ஆய்ந்த இலையைச் சுளகில் அள்ளிப் போட்டாள்.

“நாலு வரும்,” என்றாள். “எனக்கு ஒண்டோடை சரி.”